முதலாளிக்குப் போட்டாச்சா?

அந்தத் துணிக்கடையில் அவளை அக்கா என்று கூப்பிடாத ஆள் கிடையாது. பில் போடுகிற பெண்கள் கூப்பிடுகிறார்கள் என்றால் அதில் ஒரு நியாயம் உண்டு. மூட்டை இறக்குகிறவர், வாசலில் நிற்கும் காவலாளி, பேன்ட் நீளம் குறைக்க வரும் வாடிக்கையாளர்கள் என்று எல்லோருக்குமே அவள் அக்காதான். தலை முழுக்க நரைத்த சூப்பர்வைசர்கூட, "அக்கா, இந்தக் கோட்டு அவசரம்" என்றுதான் வந்து நிற்பார். உமக்கே நான் அக்கா என்றால் எனக்கு என்ன நூறு வயதா என்று கேட்க அவளுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டதில்லை. ஆல்டரேஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். குண்டூசியை வைத்துக்கொண்டு வம்பு பேசக் கூடாது என்பது தையல்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்.

இப்படி ஊருக்கெல்லாம் அக்காவாகிப் போனவளை அக்கா என்று கூப்பிட வேண்டிய ஒரே ஒருவன் மட்டும் ஆறு வருஷமாகக் கூப்பிடவில்லை. அவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தூர தேசத்தில் எல்லாம் இல்லை, அதே வீட்டில், அடுத்த அறையில்தான் இருக்கிறான்.

தம்பி ஒரு ரொட்டி ஆலையில் வேன் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்னால் கிளம்பிக் கடைகடையாக ரொட்டி இறக்கிவிட்டு மதியம் வீடு திரும்புவான். அந்தக் கடைகளில் ஒன்றில் வேலை பார்த்த பெண்ணுக்கும் அவனுக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு நாள் அவளை அக்காவிடம் காட்ட அழைத்து வந்தான். சமையலறையில் தனியாக இருந்தபோது அந்தப் பெண், உங்கள் தம்பி எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே, தங்கமான பிள்ளை, கோபம் வந்தால் மட்டும் ஒரு வாரம் பேச மாட்டான் என்று சொல்லிவைத்தாள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் விலகிக்கொண்டாள். அதற்கு இதுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. அக்கா சொன்னதை அந்தப் பெண் வாயாலேயே கேட்டிருந்த தம்பி, இதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு அக்காவோடு பேசுவதை நிறுத்தினான். அவள் சொன்னது பொய் என்று காட்ட அவனுக்கு இருந்த ஒரே வழி பேசுவதுதான். அந்த யோசனை வருகிற மண்டையாக இருந்தால் அவன் ஏன் இப்படி இருக்கிறான்?

பேசாமல் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கேட்கலாம். நம் மொழியில் அதற்கு வேண்டிய வசதி இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் போதும், யார் சாப்பிட்டது என்று சொல்லத் தேவையில்லை. "ஆச்சு" என்று பதில் வரும். கதவு பூட்டியாச்சு, கரன்ட் பில் கட்டியாச்சு, மழை வருது, துணி எடுத்தாச்சா. நீ என்றும் நான் என்றும் ஒரு சொல் சொல்லாமல் ஆறு வருஷம் ஓட்டிவிட்டார்கள். எழுவாயைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்ட வீடு அது.

'ஆச்சு'வில் அடங்காத சங்கதிகளுக்கு முதலாளி இருந்தது. முதலாளி என்பது பூனை. சாம்பல் நிறத்தில், கடோத்கஜன் மாதிரி உடம்போடு, ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் வேலைக்குப் போவதையும் வருவதையும் கண்காணிக்கும். தான் ஒரு வேலையும் செய்யாது, சாப்பாட்டு நேரத்தை மட்டும் தவறவிடாது. பெயர் வைக்க வேறு காரணம் வேண்டுமா? "முதலாளி, நாளைக்குக் குழாய் ரிப்பேர் பண்ண ஆள் வருது, யாராவது வீட்ல இருக்கணும்" என்று அக்கா பூனையிடம் சொல்வாள். "முதலாளி, மதியத்துக்கு மேல வரச் சொல்லு" என்று தம்பி பூனைக்குப் பதில் சொல்வான். நடுவில் முதலாளி கொட்டாவி விடும். அந்த வீட்டில் நடந்த பேச்சு எல்லாம் அதன் தலைக்கு மேலாகத்தான் போய்வந்தது.

அந்த முதலாளி திடீரென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணம் போதாமல் குளியலறை வாளியில் எட்டிக் குடித்தது. மணல் தட்டை எத்தனை தடவை மாற்றினாலும் கட்டி கட்டியாக நனைந்து கிடந்தது. வைத்ததையெல்லாம் தின்றும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. வயதாகிறது, நமக்கும்தான் இடுப்பு போய்விட்டது என்று அக்கா கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் அது பின்னங்கால்களைக் குதிகால் வரை தரையில் பதித்து, கிழவன் செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நடந்து வந்தபோது, "முதலாளி, டாக்டர்கிட்ட போகணும், வண்டி வேணும்" என்றாள். தம்பி வேன் சாவியை எடுத்தான்.

டாக்டர் ஒரு சின்ன உருவமான பெண்மணி, வேகமாகப் பேசுகிறவர். இரத்தத்தையும் மூத்திரத்தையும் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார். தம்பி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலையில் உடைந்துபோகும் பன்களை எல்லாம் தினமும் முதலாளிக்குக் கொண்டுவந்து வைத்தவன் அவன். இதனால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் ரொட்டி தின்று ஏறிய உடம்பும் ஒரு காரணம், இனிமேல் ரொட்டி வாசனைகூடக் கூடாது என்றார் டாக்டர். காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். முதலில் சாப்பாடு, அது சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு ஊசி. சுருண்டு படுத்தாலோ தள்ளாடினாலோ ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவிக்கொண்டு ஓடி வர வேண்டும். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்.

"போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, போடாதீங்க. ஒரு வேளை தவறினா சமாளிக்கலாம். ரெண்டு வேளை மருந்து ஒண்ணாப் போயிட்டா பூனை இருக்காது."

யார் ஊசி போடப் போகிறீர்கள் என்று கேட்டதும் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் பூனையைப் பார்த்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிய கதைதான். தம்பி இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியைக் கண்டதும் சாய்ந்து விழுந்து நாலு பேர் தூக்கி வந்த ஆள். அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று விசாரித்த டாக்டர், "அப்புறம் என்ன அக்கா, நாள் பூரா ஊசியோட இருக்கிறவங்க நீங்க" என்றார். டாக்டருக்கும் அவள் அக்கா ஆகிவிட்டாள். ஊசி என்கிற பெயர் ஒன்றாக இருப்பதால் தொழிலும் ஒன்றாகிவிடுமா என்று கேட்க நினைத்தாள். அப்போது வாயில் குண்டூசிகூட இல்லை, இருந்தும் கேட்கவில்லை.

கடையில் பழைய கோட்டுகளிலிருந்து பிரித்தெடுத்த தோள் பஞ்சுகள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சிரிஞ்சில் தண்ணீர் இழுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, பஞ்சில் குத்திப் பழகினாள். பஞ்சு நல்ல பிள்ளையாகக் குத்தை வாங்கிக்கொண்டது. மறுநாள் காலை முதலாளி சாப்பிட்டு முடித்து உதடு நக்கிக்கொண்டிருக்கும்போது, கழுத்துக்குப் பின்னால் தோலை மடிப்பாகத் தூக்கிப் பிடித்து, ஊசியை இறக்கி, மருந்தை அழுத்தினாள். கை நடுங்கவில்லை. ஆகா, இவ்வளவுதானா என்று நினைத்தபோது விரல் ஈரமாயிற்று. ஊசி மடிப்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்திருந்தது. மருந்து முழுக்க ரோமத்தில்.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே புரிந்தது. மடிப்பைப் பிடித்தால் ஊசியை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பதுதான் அவள் கை வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த வேலை. உள்ளே போன ஊசி வெளியே வரவில்லை என்றால் அது தையலே இல்லை. இப்போது அதே கையிடம், உள்ளே போய் உள்ளேயே நில் என்று சொல்ல வேண்டியிருந்தது. சந்தேகம் வந்தால் போடாதே என்று டாக்டர் சொன்னதால் அன்று காலை அப்படியே விட்டுவிட்டாள். பஸ்ஸில் போகும்போது அழுகை வந்தது. பூனையை நினைத்து வந்த அழுகை இல்லை அது. இந்த வயதில் இன்னொன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்கிற அலுப்பில் வந்தது.

கற்றுக்கொண்டாள். மடிப்பை உயரமாகத் தூக்கக் கூடாது, கூடாரம்போல் அகலமாகப் பிடிக்க வேண்டும். ஊசி நுழைந்ததும் கை தானாக முன்னே போகப் பார்க்கும், அப்போது மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். காது நுனியில் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து மெஷினில் வைத்துச் சர்க்கரை பார்க்கவும் பழகினாள். முதலாளி அவள் கையில் கீறி வைத்த கோடுகளைப் பார்த்துக் கடைப் பெண்கள், "என்ன அக்கா, வீட்ல சண்டையா?" என்று கேட்டார்கள். சண்டை போட்டால்தான் பரவாயில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாய் படாத பாடு என்று சொல்வார்கள். ஒரு பூனைக்காக அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது? காலையில் முதலாளி சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். அதற்கு அவசரம் கிடையாது, ஒரு வாய் தின்றுவிட்டு ஜன்னலைப் பார்க்கும், பஸ் போய்விடும். சாயங்காலம் கடையில் யார் என்ன சொன்னாலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும். யாருடைய விசேஷத்துக்கும் போக முடியாது, காய்ச்சல் என்று படுக்க முடியாது. எனக்கு ஒன்று என்றால் இப்படி யார் வேளை பார்த்து ஓடி வருவார்கள் என்று நினைப்பாள். இது செத்துப்போனால் ஒரு நாளாவது நன்றாகத் தூங்கலாமே என்றுகூட ஒரு காலையில் நினைத்துவிட்டாள். ஆனால் முதலாளி போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சு எங்கே நடக்கும்? ஃபிரிட்ஜின் மேல் வெறும் இடத்தைப் பார்த்து, குழாய் ரிப்பேருக்கு ஆள் வருது என்று சொல்ல முடியுமா? அந்தப் பூனை சாகக் கூடாது. அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

இதற்குள் முதலாளி ஒரு காரியம் செய்தது. 'ஊசி' என்கிற சொல்லைக் கற்றுக்கொண்டது. யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், இழுத்து வெளியே போடுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்தினார்கள். எழுவாய் முன்பே போயிருந்தது, இப்போது செயப்படுபொருளும் போயிற்று. மிஞ்சியது வினை மட்டும். வினை என்றால் சும்மாவா? அது தன் வேலையைக் காட்டாமல் போகாது.

பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்தது. கடையில் சீருடைகள் மலைபோல் குவிந்தன. ஒவ்வொரு பிள்ளையும் போன வருஷத்தைவிட வளர்ந்திருந்தது, ஒவ்வொரு தாயும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து மடித்துத் தைக்கச் சொன்னாள். சூப்பர்வைசர், இந்த ஒரு மாதம் யாரும் நேரத்தோடு போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அக்கா தன் பூனைக்கு ஊசி குத்த வேண்டும் என்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வையில், அவளுக்கே தான் சொன்னது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது.

வேறு வழியில்லை, தம்பிக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியை மேசைமேல் உட்கார வைத்து, அதனிடமே பாடம் நடத்தினாள். "முதலாளி, தோலை இப்படி அகலமாப் பிடிக்கணும். சதையைப் பிடிக்கக் கூடாது. உள்ளே போனதும் நிறுத்தணும், குத்திக்கிட்டே போகக் கூடாது." பூனைக்கே பூனையைக் குத்தக் கற்றுக்கொடுத்த ஆசிரியை உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தம்பி வியர்த்து வழிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை அவனே போட்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இங்கே பூனை விழித்துக்கொண்டிருந்தது, தம்பிதான் கண்ணை மூடியிருந்தான். ஆனால் விழவில்லை. அக்கா கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள். அதைப் பூனையிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாலை வேளை அவனுடையது. அவள் களைத்துப்போய் வந்து "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பான். இதில் ஒரு சின்ன விஷயம் இருந்தது, இருவருக்கும் தெரியாது. தம்பிக்கு அந்த ஊசி நாளெல்லாம் நெஞ்சில் கிடந்து உறுத்தும் பெரிய வேலை. போடுவது என்றாலே அவனுக்கு அதுதான். சாப்பாட்டை அவன் வைப்பான், போட மாட்டான். அக்காவுக்கோ ஊசி என்றால் குத்துவது. போடுவது என்றால் அவளுக்குச் சாப்பாடு.

ஒரு நாள் கடையிருந்த தெருவில் மின்சாரம் போயிற்று. ஏதோ கேபிள் எரிந்துவிட்டது, இன்றைக்கு வராது என்றார்கள். மெஷின்கள் எல்லாம் நின்றன. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் வெகு நாளாயிற்று என்பதால் அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கால் வலித்தது, ஆனாலும் நல்ல நாளாகத் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி குளித்துக்கொண்டிருந்தான். முதலாளி வந்து காலில் உரசியது. கிண்ணம் நக்கித் துடைத்துக் கிடந்தது. சீக்கிரம் வந்துவிட்டோம், பாவம் இன்றைக்கு அவன் வேண்டாம், நாமே குத்திவிடலாம் என்று நினைத்தாள். சாப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"போட்டாச்சா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"போட்டாச்சு" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

பயன்படுத்திய சிரிஞ்சைத் தம்பி வழக்கம்போல மூடி போட்ட டப்பாவில் போட்டுவிட்டுப் போயிருந்தான். சுத்தமான பிள்ளை, கண்ணில் படும்படி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சந்தேகம் வந்தால் போடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, அளவாக இழுத்து, முதலாளியின் தோலை அகலமாகப் பிடித்துக் குத்தினாள். அவள் போட்டதிலேயே சுத்தமான ஊசி அதுதான்.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். அவள் கையில் சிரிஞ்சைப் பார்த்தான். துண்டு அப்படியே தோளில் நின்றது.

"நான் போட்டுட்டேனே" என்றான்.

ஆறு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அவளைப் பார்த்து வந்த முதல் 'நான்' அது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

"சாப்பாடுதானே?" என்றாள்.

"ஊசி."

முதலாளி அந்தச் சொல்லைக் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. நல்ல வேளையாக இன்னும் ஓட முடிந்தது.

அக்கா டாக்டருக்குப் போன் செய்தாள். உடனே கிளம்புங்கள், வழியில் சாப்பிட ஏதாவது கொடுத்துப் பாருங்கள், சர்க்கரைத் தண்ணீர் கையில் இருக்கட்டும் என்றார் டாக்டர். இவ்வளவு நாளும் எதிரியாக ஒளித்து வைத்த சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளித் தண்ணீரில் கரைத்தாள். சட்டைகூடச் சரியாகப் போடாமல் தம்பி வேனைக் கிளப்பினான். முன்னால் ஒரே இருக்கைதான். பூனையோடு அவள் பின்னால் ஏறி, காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். நடுவில் தகரத் தடுப்பு. அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல்.

மாலை நேரத்துப் போக்குவரத்து, எல்லா வண்டிகளும் அன்றைக்கென்று அந்தச் சாலையிலேயே நின்றன. முதலாளி வயிறு நிறையச் சாப்பிட்டிருந்ததால் நீட்டிய உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலை ஆட ஆரம்பித்தது, எழுந்திருக்கப் பார்த்துச் சாய்ந்தது. அவள் விரலைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து அதன் ஈறில் தடவினாள், திரும்பத் திரும்பத் தடவினாள்.

முன்னாலிருந்து தம்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டான். தட்டுகள் கடகடத்த சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன ஆச்சு?" என்றான். அதுவும் கேட்கவில்லை. ஆச்சு, இருக்கு என்றெல்லாம் சொன்னால் ஒரு ஓடுகிற வேனில் யாரைக் கூப்பிடுகிறான் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் அவன் அந்தச் சின்ன ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கத்தினான்.

"அக்கா!"

தினமும் நூறு பேர் கூப்பிடும் சொல்தான். அவன் வாயிலிருந்து கேட்டு ஆறு வருஷமாயிற்று. பதில் சொல்ல வேண்டிய நேரம், ஆனால் சொல்ல முடியவில்லை. அவன் பயந்துபோய் இன்னொரு தடவை கூப்பிட்டான்.

"இருக்குடா" என்றாள். "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."

டாக்டர் பூனையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் முன்னங்காலில் குளுக்கோஸ் ஏற்றினார். இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் சட்டைப் பொத்தான்கள் துளை மாறி மாட்டப்பட்டிருந்தன. தையல்காரியின் கண்ணுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் கையை நீட்டிப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி மோவாயைத் தூக்கிக் காட்டினான்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"ஒரு வாரம்னுதானே சொன்ன" என்றான். "அதுக்கு மேல போனது நான்தானே."

டாக்டர் வெளியே வந்து, தாக்குப்பிடித்துவிட்டது, இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு, எப்படி இது நடந்தது என்று கேட்டார். போட்டாச்சா என்று கேட்டேன் என்றாள் அக்கா. போட்டாச்சு என்று சொன்னேன் என்றான் தம்பி. டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எதைப் போட்டது என்று கேட்கவில்லையா, யார் போட்டது என்று சொல்லவில்லையா என்றார். எங்கள் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை என்று அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனிமே பேசுங்க. யாரு, யாருக்கு, எதைப் போட்டாங்கன்னு முழுசாச் சொல்லுங்க. பூனை ஓடினா ஓடட்டும், பிடிச்சுக்கலாம்."

முதலாளி வீடு திரும்பியது. வந்ததும் ஃபிரிட்ஜைப் பார்த்தது, ஏறத் தெம்பில்லாமல் அதன் அடியிலேயே படுத்துக்கொண்டு கண்காணிப்பைத் தொடர்ந்தது. வியாதி போகவில்லை. ஒருவேளை போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பக்கத்தில் குந்தியிருப்பதும் பஸ்ஸைத் தவறவிடுவதும் அப்படியேதான் இருந்தன. ஆறு வருஷத்துப் பழக்கம் ஒரே வாரத்தில் போய்விடுமா என்ன? மற்ற விஷயங்களில் இருவரும் இன்னும் ஆச்சு, வந்தாச்சு என்றுதான் இருந்தார்கள். ஆனால் முதலாளி விஷயத்தில் மட்டும் டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. அக்கா உள்ளே நுழைந்ததும் தம்பி வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பையனைப்போல, "நான் முதலாளிக்குச் சாப்பாடு வெச்சேன். முதலாளி சாப்பிட்டுச்சு. நான் முதலாளிக்கு ஊசி போட்டேன்" என்பான். மூன்றாவது வாக்கியத்தில் முதலாளி கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

சீருடைக் காலத்தின் கடைசி நாளில் அக்கா வீட்டுக்கு வந்தபோது அவளிடம் எதுவுமே மிச்சமில்லை. கால் வீங்கியிருந்தது. விரல்களில் நூல் அறுத்த கோடுகள். செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் வாசலிலேயே நாற்காலியில் சரிந்தாள். தம்பி வந்து நின்று தன் மூன்று வாக்கியங்களையும் ஒப்பித்தான். அவள் கண்ணை மூடியபடி தலையாட்டினாள். வழக்கமாக அத்தோடு அவன் தன் அறைக்குப் போய்விடுவான். போகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"நீ சாப்பிட்டியா அக்கா?"

சாப்பிட்டாச்சா என்று அவன் ஆயிரம் தடவை கேட்டிருப்பான். அந்தக் கேள்வி சுவரையும் கேட்கும், காற்றையும் கேட்கும். இது அவளைக் கேட்டது. அவளுக்கு இத்தனை நாள் களைப்பும் அப்போதுதான் மொத்தமாக இறங்கியதுபோல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கக் கையைத் தூக்கவும் அலுப்பாக இருந்தது.

"இல்லடா" என்றாள். "போடு."

தம்பி நகரவில்லை. "எதைப் போடணும்? யாருக்குப் போடணும்?" என்றான். "முழுசாச் சொல்லு."

கட்டிலுக்கு அடியிலிருந்து முதலாளி தலையை நீட்டிப் பார்த்தது.

"எனக்குச் சாப்பாடு போடு, தம்பி" என்றாள் அக்கா.